எறவாரத்துக் குருவி: ஒரு பழைய வழக்கு



மாசி பிறந்து வெயில் ஏற ஆரம்பித்தால் ஓட்டு வீட்டு எறவாரத்தில் ஒரு நடமாட்டம் தொடங்கும். வைக்கோல் துணுக்கு, பஞ்சு, கோழி இறகு, பழைய சணல் நூல், கிடைத்ததையெல்லாம் அலகில் கவ்விக் கொண்டு ஆண் குருவியும் பெண் குருவியுமாக ஓட்டுக்கும் சுவர்த் தலைக்கும் நடுவே புகுந்து புகுந்து வெளியே வரும். உடனே வீட்டுக்குள்ளே ஒரு வழக்கும் தொடங்கிவிடும்.

“ஏனுங் அத்தை, தினம் ரெண்டு முறம் குப்பை கூட்ட வேண்டியிருக்குது. ஒரு குச்சியை விட்டு இழுத்துப் போட்டுடலாமுங்களா?” என்று மருமகள் கேட்பாள். “வேண்டாஞ் சாமி. அடைக்கலம்னு வந்ததைத் தொரத்தப்படாது. பாவம் புடிச்சுக்கும்” என்று மாமியார் சொல்வார். வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல் தோளில் துண்டைப் போட்டுக் கொண்டு காட்டுப் பக்கம் போய்விடுவார்.

இந்த வழக்கு நம் ஊரில் மட்டும் நடக்கிற வழக்கு இல்லை. இன்று நேற்று வந்ததும் இல்லை. எறவாரத்தில் கூடு கட்டுகிற குருவியை என்ன செய்வது என்று அரசாங்கங்களே உட்கார்ந்து யோசித்திருக்கின்றன, சட்டம் போட்டிருக்கின்றன, காசு கொடுத்திருக்கின்றன, பெரிய அவதியும் பட்டிருக்கின்றன. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு உங்கள் வீட்டு வழக்கை நீங்களே தீர்த்துக் கொள்ளலாம்.

முதலில் நம் பாஷையிலிருந்து தொடங்குவோம். எறவாரம், எறவாணம், எறப்பு என்று ஊருக்கு ஊர் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறோம். சங்க நூல்களில் இதற்கு ‘இறை’ என்று பெயர். வீட்டுக் கூரை சுவரைத் தாண்டித் தாழ்ந்து இறங்குகிற இடம். குறுந்தொகையில் மாமிலாடன் என்ற புலவர் பாட்டு ஒன்று இருக்கிறது. பிரிந்து போன கணவனை நினைத்து வருந்துகிற பெண் பேசுவதாக அமைந்த பாட்டு. அதில் வருவது வீட்டிலே குடியிருக்கிற குருவி. முற்றத்தில் காயப் போட்ட தானியத்தைத் தின்னும், பொதுவிடத்து எருத் தூளில் புரளும், பொழுது சாய்ந்ததும் வீட்டு இறையில் குஞ்சோடு ஒடுங்கும். சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின பாட்டு அது. இன்றைக்கும் களத்து மேட்டில் குருவி செய்கிற வேலை இதேதானே? எதையாவது மாற்றியிருக்கிறதா, பாருங்கள்.

நம் ஜனங்கள் அதற்கு வைத்த இன்னொரு பெயர் அடைக்கலாங்குருவி. ஊர்க்குருவி, சிட்டுக்குருவி, அடைக்கலாங்குருவி எல்லாம் ஒன்றுதான். வேறு எந்தப் பறவைக்கும் மனிதன் வீட்டில் அடைக்கலம் புகுந்தது என்று பெயர் இல்லை. மாமியார் சொன்ன அந்த வார்த்தை சும்மா வந்ததல்ல, பெயரிலேயே இருக்கிறது.

விஞ்ஞானிகளும் ஏறக்குறைய இதையே வேறு விதமாகச் சொல்கிறார்கள். ஊரில் வாழும் சிட்டுக்குருவிக்கு ஊரை விட்டு விலகி வாழ்கிற சொந்தக்கார இனம் ஒன்று மத்திய ஆசியப் பக்கம் உண்டு. இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டு 2018-ல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. ஊர்க்குருவிக்கு மாவுச் சத்தைச் செரிப்பதோடு சம்பந்தப்பட்ட மாறுதல் ஒன்று ஏற்பட்டிருக்கிறது, ஊரை அண்டாத அந்த இனத்துக்கு அது இல்லை என்று கண்டார்கள். மனிதன் தானியம் விதைக்க ஆரம்பித்த பிறகுதான் இது நம்மோடு ஒட்டிக் கொண்டது என்பது அவர்கள் கருத்து. ஆக, நம் தொழிலுக்கு வயது என்னவோ கிட்டத்தட்ட அதே வயதுதான் இந்த உறவுக்கும்.

உறவு என்றால் சண்டையும் உண்டு. குருவி பண்ணுகிற சேட்டையை மறைக்க வேண்டியதில்லை. பனையோலை, கரும்புச் சோகை, மலைப்புல் இவற்றால் வேய்ந்த கூரையில் குருவி கூடு கட்ட இடம் தேடிப் புல்லைப் பிய்க்கும். பிய்த்த இடத்தில் ஐப்பசி மழை உள்ளே இறங்கும். நாட்டு ஓட்டு வீட்டில் ஓட்டு வாய் வழியாகப் புகுந்து வைக்கோலை அடைக்கும். மழைத் தண்ணீர் ஓடுகிற தடத்தில் குப்பை நின்றால் தண்ணீர் பின்னுக்கு ஏறிக் கைமரத்தை நனைக்கும், நனைந்த மரம் உளுக்கும். முட்டைக்கும் குஞ்சுக்கும் பாம்பு ஏறி வரும். கூட்டில் செள்ளு பிடித்தால் கீழே படுத்திருக்கிற ஆளுக்கு ராத்திரி தூக்கம் போகும். காய வைத்த சோளத்திலும் கம்பிலும் அது எடுத்துக் கொள்கிற பங்கு வேறு. மருமகள் பேச்சிலும் நியாயம் இருக்கத்தான் இருக்கிறது.

இதற்கு நம் பெரியவர்கள் பெரிய யுத்தம் ஒன்றும் நடத்தவில்லை. ஓடு மாற்றுகிற காலத்தில் கொத்தனாரை வைத்து ஓட்டு வாயைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசி அடைப்பார்கள். அதே கையால் திண்ணைப் பக்கத்து எறவாரத்தில் நெல் கதிர்க் கொத்து ஒன்றைக் கட்டித் தொங்க விடுகிற வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. உள்ளே வராதே, வெளியே தின்னு என்பது போல.

ஐரோப்பாக்காரர்கள் வேறு யோசனை செய்தார்கள். ஹாலந்திலும் அதை ஒட்டிய நாடுகளிலும் நானூறு வருஷத்துக்கு முன்பே வீட்டுச் சுவரில் எறவாரத்துக்குக் கீழே மண் கலயங்களை மாட்டி வைத்தார்கள். வாய் குறுகின கலயம். குருவி கூரைப் புல்லைப் பிய்ப்பதை விட்டுவிட்டு இதில் கூடு கட்டும். ஆனால் இதைக் கேட்டு அவர்களைப் புண்ணியவான்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கலயத்தின் முதுகுப் பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். முட்டையையும் கொழுத்த குஞ்சையும் அந்த வழியாக எடுத்துச் சமைத்து விடுவார்கள். கூரையும் தப்பியது, குழம்புக்கும் ஆயிற்று. இங்கிலாந்துக்கும் இந்தக் கலயம் பரவியது. அங்கே கிராமங்களில் குருவித் தலைக்கு இத்தனை என்று கோயில் கணக்கிலிருந்து காசு கொடுத்ததும் உண்டு. டஜன் கணக்கில் தலை வாங்கிய வரவு செலவுக் குறிப்புகள் இன்னும் இருக்கின்றன. நூறு வருஷம், இருநூறு வருஷம் இப்படிக் காசு கொடுத்தும் அங்கே குருவி குறைந்தபாடில்லை.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே சிட்டுக்குருவியே கிடையாது. மரங்களைக் கம்பளிப்புழு மொட்டையடிக்கிறது, அதைத் தின்னக் குருவி வேண்டும் என்று 1850-களின் தொடக்கத்தில் நியூயார்க்கை அடுத்த புரூக்ளினுக்கு இங்கிலாந்திலிருந்து கூண்டில் அடைத்துக் கப்பலில் கொண்டு வந்து விட்டார்கள். நாற்பது வருஷம் கூட ஆகவில்லை. 1889-ல் அமெரிக்க விவசாய இலாகா ‘இந்தக் குருவியை எப்படி ஒழிப்பது’ என்று ஒரு தடிமனான அறிக்கையே போட வேண்டியதாயிற்று. பாரோஸ் என்பவர் தயாரித்தது. சில மாநிலங்கள் தலைக்குக் காசும் அறிவித்தன. குருவி போகவில்லை. இன்று அந்தக் கண்டம் முழுக்க இருக்கிறது. அழைத்து வந்தவர்களே விரட்டினாலும் எறவாரம் இருக்கிற வரைக்கும் அது போகாது என்று தெரிந்து கொண்டார்கள்.

இப்போது சீனாவின் கதைக்கு வருகிறேன். விவசாயி ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கதை இதுதான்.

1958-ல் மா சே துங் அரசாங்கம் நான்கு தொல்லைகளை ஒழிக்கும் இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கியது. எலி, ஈ, கொசு ஆகிய மூன்றும் சரி. நான்காவதாகக் குருவியைச் சேர்த்தார்கள். அங்கே அதிகம் இருப்பது நம் குருவியின் பங்காளி, மரக்குருவி என்று சொல்லலாம். அதுவும் ஊருக்குள் ஓட்டு இடுக்கில் கூடு வைக்கிற ஜாதிதான். தானியத்தைத் தின்கிறது, ஆகவே மக்களின் எதிரி என்று தீர்ப்பு ஆயிற்று. அந்த வருஷம் ஏப்ரல் மாதம் பீகிங் நகரத்தில் மூன்று நாள் தொடர்ந்து ஜனங்கள் கூரை மேலும் மரத்தடியிலும் நின்று கொண்டு தட்டையும் தகரத்தையும் முரசையும் அடித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் முதல் கிழவர்கள் வரை. குருவியை எங்கேயும் உட்கார விடக் கூடாது என்பதுதான் திட்டம். பறந்து பறந்து களைத்துத் தானே விழுந்து செத்தன. ஏணி வைத்து ஏறி எறவாரத்தில் இருந்த கூடுகளைப் பிய்த்தார்கள், முட்டையை உடைத்தார்கள், குஞ்சைக் கொன்றார்கள். நாடு முழுவதும் இப்படியே நடந்தது. செத்த குருவிகளை வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள்.

எறவாரத்தில் குருவியைத் தடுக்கிற முயற்சியில் உலகத்தில் முழு வெற்றி கண்ட இடம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். வெற்றியின் பலன் என்ன?

குருவி பெரிசான பிறகு தானியம் தின்னும், வாஸ்தவம். ஆனால் கூட்டில் இருக்கிற குஞ்சுக்குத் தாய் ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியும். பிறந்து இரண்டு வாரத்துக்குள் குஞ்சு வளர்ந்து இறகு முளைத்துப் பறந்தாக வேண்டும். அதற்குத் தானியம் போதாது. ஆகவே தாயும் தகப்பனும் விடிந்தது முதல் அடையும் வரை வயலுக்கும் கூட்டுக்கும் ஓடிக் கொண்டே இருக்கும். கூட்டைப் பிய்த்தவர்கள் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. செங் சோ-சின் என்ற சீனப் பறவையியல் அறிஞரும் அவரைப் போன்றவர்களும் குருவியின் வயிற்றைத் திறந்து ஆராய்ந்து, இது பூச்சியும் தின்கிறது, ஒழித்தால் கெடுதல் என்று எடுத்துச் சொன்னார்கள். 1960-ல் அரசாங்கம் பட்டியலைத் திருத்தியது. குருவியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூட்டைப்பூச்சியைப் போட்டார்கள். அதற்குள் வயல்களில் பூச்சி பெருகிப் போயிருந்தது. 1959 முதல் 1961 வரை சீனாவில் கோரமான பஞ்சம் வந்தது. கோடிக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். அந்தப் பஞ்சத்துக்குக் குருவி மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. தானியக் கொள்முதலில் நடந்த கொடுமை, பொய்க் கணக்கு, விவசாயியை வயலிலிருந்து பிரித்து இரும்பு உருக்க அனுப்பியது, இவையெல்லாம் பெரிய காரணங்கள். இவற்றோடு கூடப் பூச்சியும் சேர்ந்தது.

பறவையின் வயிற்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற முறை நமக்கும் புதிது அல்ல. பீகாரில் பூசா என்ற ஊரில் வெள்ளைக்காரர் காலத்து விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மேசனும் மாக்ஸ்வெல் லெஃப்ராயும் இந்தியப் பறவைகள் என்னென்ன தின்கின்றன என்று வயிற்றைத் திறந்து பார்த்து எழுதிய நூல் 1912-லேயே அச்சாகிவிட்டது. ஒரு பறவையை நல்லது கெட்டது என்று சொல்லும் முன் அதன் வயிற்றைப் பார் என்ற வழி அப்போதே நம் நாட்டில் இருந்தது.

இன்னொரு சின்னக் கதை. பறவைகளைப் பற்றிப் பேசினால் சலீம் அலியை விட்டுப் பேச முடியாது. 1896-ல் பம்பாயில் பிறந்தவர். பத்துப் பதினோரு வயதுப் பையனாக இருந்தபோது கையில் ஒரு ஏர்கன் வைத்திருந்தார். குதிரை லாயத்துச் சுவரில் ஒரு பொந்தில் சிட்டுக்குருவிக் கூடு. பெண் குருவி உள்ளே அடைகாக்கிறது. வெளியே ஆணியில் ஆண் குருவி காவல். பையன் அந்த ஆணைச் சுட்டான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஆண் வந்து அதே ஆணியில் உட்கார்ந்தது. அதையும் சுட்டான். மறுபடி ஒன்று. ஏழு நாளில் எட்டு ஆண் குருவி. ஒவ்வொரு தடவையும் இடம் காலியான உடனே அடுத்தது தயாராக வந்து நின்றது. அப்போதே அதைக் குறிப்பெழுதி வைத்தார், பிற்பாடு 1985-ல் வெளியான தம்முடைய சுயசரிதையிலும் சேர்த்தார். விளையாட்டுப் பிள்ளை செய்த கொலைதான். ஆனாலும் இங்கிலாந்துக்காரர்கள் தலைக்குக் காசு கொடுத்தும் குருவி ஏன் குறையவில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. குருவியைக் கொன்று பயனில்லை. பொந்து இருக்கிற வரைக்கும் வேறொன்று வரும். கூட்டைப் பிய்த்தும் பயனில்லை. அதே இடத்தில் நாலு நாளில் மறுபடி கட்டும். நீங்களே பார்த்திருப்பீங்க. பொந்தை அடைத்தால்தான் வேலை முடியும்.

அந்தப் பொந்தை நாம் தெரிந்து அடைத்ததைவிடத் தெரியாமல் அடைத்ததுதான் அதிகம். அது நம் சேலத்துக் கதை.

சேலத்துக்கு ரயில் வந்தது 1861-ல். பட்டணத்திலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட பாதை. நம்முடைய ஜங்ஷன் சூரமங்கலத்தில் அமைந்தது. ரயில் வந்து நாலு வருஷத்தில், 1865-ல், மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் யந்திரத்தில் அழுத்திச் செய்த தட்டை ஓடு போட ஆரம்பித்தார்கள். பிறகு கோழிக்கோடு, பாலக்காடு பக்கமும் ஓட்டுத் தொழிற்சாலைகள் வந்தன. அந்தச் சீமையிலிருந்து சூரமங்கலம் வழியாகத்தான் ரயில் பாதை போகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஓலையும் நாட்டு ஓடும் இருந்த இடத்தில் மங்களூர் ஓடு ஏறியது. குருவிக்கு அது ஒன்றும் நஷ்டமில்லை. கைமரத்துக்கும் கைமரத்துக்கும் நடுவே, சுவர்த் தலைக்கும் ஓட்டுக்கும் இடையில், ஒரு கை நுழைகிற சந்து விழும். மழை படாது, பூனை எட்டாது, சூடும் மட்டு. குருவிக்கென்றே யாரோ அளவெடுத்துக் கட்டின மாதிரி.

பிறகு வந்தது கான்கிரீட். தார்சு வீடு என்றால் அந்தஸ்து என்று ஆயிற்று. 2010-ல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-ல் பசுமை வீடுகள் திட்டம் என்று அரசாங்கமும் உதவியது. ஒழுகாத வீடு, தீப்பிடிக்காத வீடு, பாம்பு இறங்காத வீடு. இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஓலைக் குடிசையில் மழைக்காலம் கழித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் கான்கிரீட் வீட்டில் எறவாரமே கிடையாது. சன்ஷேடு இருக்கிறது, அதில் ஒரு சந்து கூட இல்லை. தானியம் புடைப்பதும் முற்றத்தில் நெல் குத்துவதும் மில்லுக்குப் போய்விட்டன. வயலில் மருந்தடித்துப் புழுவும் குறைந்து போயிற்று. குருவி தானாக ஒதுங்கியது. சீனாக்காரன் தகரம் அடித்துச் செய்ததை நாம் சிமெண்டு பூசிச் செய்தோம் என்று சொல்லலாம். வித்தியாசம் என்னவென்றால், நமக்கு அந்த நோக்கமே இல்லை.

செல்போன் கோபுரத்தால்தான் குருவி அழிந்தது என்று பல பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு உறுதியான சான்று கிடைத்தபாடில்லை. நாடு முழுவதும் பறவை பார்ப்பவர்கள் கொடுத்த குறிப்புகளை வைத்து 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, மொத்தத்தில் சிட்டுக்குருவி நிலையாகத்தான் இருக்கிறது, சென்னை, பெங்களூர், பம்பாய், டில்லி போன்ற பெரு நகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று சொன்னது. அதாவது எறவாரமும் களத்து மேடும் மிச்சம் இருக்கிற கிராமங்களே அதைத் தாங்கிக் கொண்டிருக்கின்றன. பட்டணத்தில் குருவி போன இடத்துக்குப் புறா வந்துவிட்டது. சன்ஷேடும் ஏ.சி. பெட்டியின் முதுகும் அதற்குப் போதும். அங்கே இப்போது வலை கட்டிப் புறாவைத் தடுப்பதே ஒரு தொழிலாகிவிட்டது.

குருவி குறைந்த பிறகுதான் அதன் மேல் பாசம் பொங்கியது. 2010 முதல் மார்ச் 20-ஐச் சிட்டுக்குருவி தினம் என்று கொண்டாடுகிறார்கள். அதே வருஷம் தபால் இலாகா குருவிக்கும் புறாவுக்கும் தபால் தலை போட்டது. 2012-ல் டில்லி அதைத் தன் மாநிலப் பறவையாக்கிக் கொண்டது. சென்னையில் கூடுகள் என்ற அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளை வைத்து மரப்பெட்டிக் கூடு செய்து வீட்டில் மாட்டச் சொல்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்து ஜனங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். 2020-ல், கொரோனா ஊரடங்குக் காலத்தில், சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி கிராமத்தில் தெருவிளக்கின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும். ஊரார் பேசி, குஞ்சு பறந்து போகிற வரைக்கும் ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கே போடாமல் இருட்டில் இருந்தார்கள்.

இவ்வளவு சொன்னதால் எல்லா எறவாரத்திலும் குருவியை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். தடுத்தே ஆக வேண்டிய இடம் ஒன்று நம் சமவெளியில் இருக்கிறது. அது கோழிக் கொட்டகை.

நாமக்கல் பக்கம் எந்த ரோட்டில் போனாலும் நீளநீளமாகக் கொட்டகை தெரியும். அந்தக் கொட்டகை எறவாரத்தில் குருவி கூடு கட்டினால் அது தீவனத்தில் எடுக்கும் பங்கைப் பற்றிக் கவலையில்லை. அது கொண்டு வருவதுதான் கவலை. வெள்ளைக்கழிச்சல் நோயை ராணிக்கேத் நோய் என்று டாக்டர்கள் சொல்வார்கள். இந்தியாவில் 1920-களின் கடைசியில் குமாவூன் மலையில் ராணிக்கேத் என்ற ஊரில் கண்டதால் வந்த பெயர். ஏறக்குறைய அதே சமயம், 1926-ல், ஜாவாவிலும் இங்கிலாந்தில் நியூகாசிலிலும் கண்டார்கள். ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு ஆள், வண்டி, தட்டு முட்டுச் சாமான் மூலம் போவது போலவே காட்டுப் பறவையோடும் அந்தக் கிருமி போகக்கூடும். எச்சத்தில் சால்மோனெல்லா வரலாம், கூட்டிலிருந்து செள்ளு இறங்கலாம். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தில் நவாப்பூர் என்ற ஊர்ப் பண்ணைகளில் முதல் முதலாகப் பறவைக் காய்ச்சல் கண்டு லட்சக்கணக்கில் கோழிகளை அழித்த சேதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நோய் நவாப்பூரில் என்றாலும் முட்டை விலை விழுந்தது நம் ஊரிலும்தான்.

ஆகவே கொட்டகைக்கு அடைப்பு வேண்டும். அதில் அளவுதான் முக்கியம். ஒரு அங்குலக் கண் உள்ள வலையை அடித்துவிட்டுக் குருவி வருகிறதே என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. குருவி அதில் ஒடுங்கி நுழைந்துவிடும். முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டருக்கு மேல் கண் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் வலை அடித்துவிட்டு, சுவருக்கும் சிமெண்ட் ஷீட்டுக்கும் நடுவே அலை அலையாக விழுகிற சந்தை மறந்து விடுகிறோம். குருவி முதலில் தேடுவதே அந்தச் சந்தைத்தான். அதற்கும் வலைத் துண்டை மடித்துச் செருகிச் சாந்து பூச வேண்டும். கொட்டகைக்கு வெளியே சிந்தின தீவனத்தைக் கூட்டி எடுக்காமல் என்ன வலை போட்டும் குருவிக் கூட்டம் சுற்றிக் கொண்டேதான் இருக்கும். வலை வாங்கும் முன் சந்தேகம் இருந்தால் நாமக்கல்லில் 1985 முதல் இயங்கி வருகிற கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுக் கொள்ளலாம்.

குடியிருக்கிற வீட்டில் எந்தப் பக்கம் அடைப்பது, எந்தப் பக்கம் விடுவது என்பது உங்கள் பாடு. சமையல் கட்டு, குதிர் வைத்த அறை, தொட்டில் கட்டுகிற இடம், இவற்றுக்கு மேலே உள்ள சந்தை அடைப்பதில் தப்பில்லை. ஆனால் காலம் பார்த்து அடைக்க வேண்டும். அடைகாக்க ஏறக்குறைய இரண்டு வாரம், பிறந்த குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். ஆக ஒரு மாதம் பொறுத்தால் கூடு தானாகக் காலியாகிவிடும். ஆனால் காலியான சூட்டோடு அடைக்க வேண்டும். தாமதித்தால் அதே ஜோடி அடுத்த ஈட்டுக்கு முட்டையிட்டுவிடும். கீச் கீச் என்று சத்தம் கேட்கிற சந்தில் சாந்து பூசினால் உள்ளே குஞ்சு செத்து நாறும், எறும்பு இறங்கும், வெளியே தாய்க் குருவி நாலு நாள் முட்டி மோதிக் கொண்டிருக்கும். அதைப் பார்த்துக் கொண்டு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. அடைக்கும் முன் தூரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். குருவி அலகில் புழுவோடு உள்ளே போனால் குஞ்சு இருக்கிறது. அப்போது கை வைக்க வேண்டாம். அடைப்பதற்குத் துணியோ பிளாஸ்டிக் காகிதமோ உதவாது, இழுத்துப் போட்டுவிடும். செங்கல் துண்டும் சுண்ணாம்புச் சாந்தும், இல்லாவிட்டால் மடித்த கம்பி வலையும்தான் நிற்கும்.

அடைத்த பக்கத்துக்கு மாற்றாக வேறு பக்கம் இடம் விட நினைப்பவர்கள் ஹாலந்துக்காரன் கலயத்தை உபயோகிக்கலாம். முதுகு ஓட்டை மட்டும் வேண்டாம். சந்தையில் கிடைக்கிற சின்ன மண் கலயம் போதும். வாயை மரப்பலகைத் துண்டால் மூடி, அதில் ஒண்ணேகால் அங்குலத் துளை போட்டால் குருவி நுழையும், மைனா நுழையாது. அடியில் தண்ணீர் வடிய இரண்டு சின்னத் துளை வேண்டும். வெயில் நேரே விழாத வடக்கு அல்லது கிழக்கு எறவாரத்தில், பூனை தாவி எட்டாத உயரத்தில், காற்றில் ஆடாமல் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். கோழிக் கொட்டகை இருக்கிற தோட்டமானால் கொட்டகைப் பக்கம் கட்டாதீர்கள், வீட்டின் மறு கோடியில் கட்டுங்கள். தை மாதத்திலேயே கட்டிவிட்டால் மாசியில் குருவி இடம் பார்க்க வரும்போது கலயம் அதன் கண்ணுக்குப் பழகியிருக்கும். முதல் வருஷம் வராவிட்டால் கழற்றிவிட வேண்டாம், அடுத்த வருஷம் வரும்.